கடலில் போன சுவர்

எங்கள் வீட்டின் மேற்குச் சுவர், வீட்டுக்கு வந்துசேர முன்னர் ஒருமுறை கடலுக்குப் போய்வந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருத்தி. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சுவர் எப்படியம்மா கடலில் போகும் என்று கேட்கிறார்கள். நெடுந்தீவுக்கு எங்கள் வீடு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் அது அவர்களுக்கு விளங்குகிறது.

அப்போது நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். போர் முடிந்து, முகாமில் இருந்து, பிறகு அப்பாவின் ஊரான நெடுந்தீவுக்கு வந்து, அவருடைய பங்குக் காணியில் ஒரு தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். வெயில் காலத்தில் அதற்குள் இருக்க ஏலாது. மாரி காலத்தில் அதற்குள் இருப்பதும் வெளியில் இருப்பதும் ஒன்றுதான். மழை தொடங்கினால் அம்மா தறப்பாளை எடுத்து, எங்களுக்கு மேலே அல்ல, அரிசி மூட்டைக்கு மேலேதான் முதலில் போடுவார். நாங்கள் துடைத்தால் காய்ந்துவிடுவோம் என்பது அவருடைய கணக்கு.

வீட்டுத்திட்டம் வருகிறது என்ற செய்தி வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். வருவது பலகை வீடு என்று தெரிந்தபோது பாதிப்பேருக்குச் சந்தோஷம் போய்விட்டது. தீவில் மணல் அள்ள விடமாட்டார்கள். சீமெந்தும் கம்பியும் கல்லும் குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்தில் ஏற்றி இறக்குவதற்கு ஆகும் செலவில் இன்னொரு வீடு கட்டிவிடலாம். ஆகவே தொழிற்சாலையிலேயே சுவர், நிலம், கூரை எல்லாவற்றையும் மரத்தில் செய்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து இங்கே பொருத்திப் பூட்டிவிடுவோம் என்று, திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் வந்து கூட்டம் வைத்துச் சொன்னார். இளைஞர். தலையில் மஞ்சள் தொப்பி. கூட்டம் ஆலமரத்துக்குக் கீழேதான் நடந்தது, அங்கே தலையில் விழுவதற்குப் பழத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் அதைக் கழற்றவில்லை.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். வீடு என்றால் அவருக்குக் கல்வீடுதான். மற்றதெல்லாம் பெட்டி. அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். அம்மா எழும்பி நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாரிக்கு முதல் வருமோ, சேர்?"

வரும் என்று உத்தியோகத்தர் சொன்னார். அம்மா திரும்ப நிலத்தில் இருந்துவிட்டார். அவருக்குக் கூட்டம் அத்தோடு முடிந்துவிட்டது.

எனக்கோ அன்றைக்குத்தான் எல்லாம் தொடங்கியது. உத்தியோகத்தர் காட்டிய படத்தில் அந்த வீட்டுக்கு நீல யன்னல்கள் இருந்தன. வாசலில் படிகள் இருந்தன. குசினி தனியாக இருந்தது. அது வள்ளத்தில் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளை நம்பவில்லை. வீட்டுச் சாமான்தான் வள்ளத்தில் வரும், வீடு வராது என்று அவள் அடித்துச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பந்தயம் பிடித்தோம். என்ன பந்தயம் என்பது இப்போது ஞாபகமில்லை. நான் வென்றது மட்டும் ஞாபகமிருக்கிறது.

பக்கத்துக் காணியில் மாமி இருந்தார். அப்பாவின் அக்கா. அவருடைய புருஷன் ஒரு காலத்தில் தெற்கே கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். இடிந்து கிடந்த பழைய வீட்டை அவர்கள் காசு அனுப்பித் திருத்திக் கொடுத்திருந்தார்கள். தூண் வைத்த, ஓடு போட்ட கல்வீடு. அதற்குள் மாமி தனியாக இருந்தார். பலகை வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றைக்கே வேலிக்கு மேலால் தலையை நீட்டி அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"என்ரை தம்பியின்ரை பிள்ளை பெட்டிக்குள்ளை வளரவேண்டாம். பிள்ளை பிறக்க இஞ்சை வந்து இரும். அறை சும்மாதானே கிடக்கு."

அம்மா சிரித்தார், ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மாமிக்கு அது போதாது. அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் ஒரு கோபம் கிடந்தது. வாய்விட்டுச் சொல்லாத கோபம். மாமி எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

வீடு வந்த நாள், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் கடைசி நாட்களில் ஒன்று. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் ரீச்சரே, "போய் வடிவாப் பாத்திட்டு வந்து எல்லாருக்கும் சொல்லும்" என்று அனுப்பிவிட்டார். இறங்குதுறையில் சனமென்றால் அப்படிச் சனம். அம்மாவை உழவு இயந்திரப் பெட்டியில் மெதுவாக ஏற்றிக் கொண்டுவந்து, நிழலில் ஒரு சாக்கின் மேல் இருத்தியிருந்தார்கள். வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த தச்சு பாஸ் இறங்குதுறையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிட்டார்கள். பெயர் எனக்குத் தெரியாது. கடலைப் பார்க்காமல் நடப்பதற்கு அவர் மிகவும் பாடுபட்டார். வரும் வழியில் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன மோட்டார் வள்ளம் இருந்தது. குறிகட்டுவானிலிருந்து கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் வேலை. வீடு இறக்குவதற்கு உதவ அவரும் வந்திருந்தார். ஆட்களின் கால்களுக்குள் நான் ஓடித்திரிவதைப் பார்த்துவிட்டு, என்னைத் தூக்கித் தன் வள்ளத்துக்குள் இருத்தினார்.

"இதுக்குள்ளை இரு. இதை விட்டு அசையக்கூடாது."

நான் அசையவில்லை. இதை இங்கே எழுதி வைக்கவேண்டும். ஏனென்றால் பிறகு நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

பெரிய சரக்கு வள்ளம் வந்து அணைந்தது. அதன் மேல் எங்கள் வீடு படுத்திருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. யன்னல் இருக்கவேண்டிய இடங்களில் வெட்டிய சதுர ஓட்டைகள். மர வாசனை காற்றில் இறங்குதுறை வரைக்கும் வந்தது. மாமரத்தைப் போலவும் இல்லை, பனையைப் போலவும் இல்லை; எனக்குப் பழக்கமில்லாத ஒரு புது வாசனை. ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு மையால் குறி போட்டிருந்தது. எங்கள் குறியை நான் முதலே பாடமாக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு துண்டாக இறங்க இறங்க, "எங்கடை, எங்கடை" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மேற்குச் சுவர் இறங்கும்போதுதான் அது நடந்தது. வள்ளத்தில் நின்றவர்கள் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள், துறையில் நின்றவர்கள் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து வள்ளத்தைப் பின்னுக்கு இழுத்தது. இரண்டு பக்கமும் கைவிட்டுப்போக, சுவர் நடுவில் இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீருக்குள் போய், மெதுவாக மேலே வந்து, மல்லாக்கப் படுத்தது. பிறகு காற்றோடு போகத் தொடங்கியது.

சனமெல்லாம் துறை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தது. வீட்டுச் சுவர் ஒன்று ஊரை விட்டுப் போவதை அதற்கு முன்னர் ஒருவரும் பார்த்ததில்லை. பிறகுதான் ஒருவர் சொன்னார்: "சோளகத்துக்கு அது நேரை நயினாதீவிலைதான் போய் ஏறும். அங்கை ஆரும் எடுத்துத் தங்கடை வீட்டிலை பூட்டிப்போடுவினம்."

அதைக் கேட்டதும் பாஸ் தலையில் கை வைத்தார். மாமா தன் வள்ளத்துக்குள் பாய்ந்தார். பாஸும் என்ன நினைத்தாரோ, பின்னால் பாய்ந்தார். கயிற்றை அவிழ்த்து, இயந்திரத்தை இழுத்து, துறையை விட்டு நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான் மாமா திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்கையிருந்து வந்தனி?"

"நான் இஞ்சைதான் இருந்தனான். நீங்கள்தானே அசையக்கூடாதெண்டு சொன்னனீங்கள்."

திரும்பி என்னை விட்டுவிட்டு வந்தால் சுவரைப் பிடிக்க ஏலாது. மாமா ஒரு வினாடி என்னைப் பார்த்தார், ஒரு வினாடி சுவரைப் பார்த்தார். கிடந்த வெற்று பிளாஸ்ரிக் கலன் ஒன்றை என் இடுப்போடு இறுக்கிக் கட்டினார். "அம்மா கேட்டால் முதலே கட்டியிருந்தது எண்டு சொல்லவேணும்" என்றார். வள்ளம் எழும்பி எழும்பி விழுந்தது. தண்ணீர் முகத்தில் அடித்தது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் வீடு ஓடுகிறது, நாங்கள் துரத்துகிறோம். உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கு இது கிடைக்கும்?

சுவரைப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மாமா தண்ணீரில் குதித்து, யன்னல் ஓட்டைக்குள்ளால் கயிற்றை விட்டுக் கட்டிவிட்டு ஏறினார். இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வள்ளம் இழுக்க இழுக்க, சுவரின் முன்பக்கம் தண்ணீருக்குள் மூக்கைக் குத்தியது. பின்பக்கத்தில் பாரம் இருந்தால்தான் முன்பக்கம் நிமிரும் என்று மாமா சொன்னார். சொல்லிவிட்டுப் பாஸைப் பார்த்தார்.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றார் பாஸ்.

"சுவர் உங்கடை சுவர். தாழுமோ தாழாதோ எண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

பாஸ் சுவரைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து சுவரின் மேல் ஏறினார். ஏறி இருந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பிள்ளையையும் விடுங்கோ, துணைக்கு" என்றார். தனக்குத் துணையா எனக்குத் துணையா என்று அவர் சொல்லவில்லை. மாமா முடிவெடுக்க முதலே நான் சுவரில் இருந்தேன்.

அப்படித்தான் நான் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் குடிபோனேன். பலகை வழுக்கியது. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. நான் யன்னல் ஓரமாகக் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர். அதற்குள் சூரிய வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கியது. சின்ன மீன்கள் கூட்டமாக வந்து யன்னலைப் பார்த்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பின. பாஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னிடம் கேட்டார்.

"வீட்டிலை பூட்டினாப் பிறகு இந்த யன்னலாலை என்ன தெரியும்?"

"மாமியின்ரை வேலி."

"அப்ப இப்பவே வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார்.

துறைக்கு வந்துசேர்ந்தபோது சனம் கைதட்டியது. நான் எழும்பி நிற்கப் பார்த்தேன்; பாஸ் என் சட்டையைப் பிடித்து இருத்தினார். அம்மா நிழலிலிருந்து எழும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துறையின் நுனிக்கே வந்துவிட்டார். அவருடைய முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. மாமாவிடம்தான் முதலில் கேட்டார்.

"நீ சுவரைக் கொண்டுவரப் போனனியோ, பிள்ளையைக் கடலுக்குக் குடுக்கப் போனனியோ?"

மாமா கலனைக் காட்டினார். அம்மா அதைப் பார்க்கவேயில்லை. என் முதுகில் ஒன்று வைத்தார். அடுத்த நிமிடம் என்னை இழுத்துத் தன்னோடு அணைத்தார். ஈரத் தலை அவருடைய வயிற்றில் அழுந்தியது. உள்ளேயிருந்து தம்பி என் காதில் உதைத்தான். அதற்கும் சேர்த்து அன்று நான் சிரித்தேன்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. உத்தியோகத்தர் வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். கடல் தண்ணீர் குடித்த பலகையைப் பூட்ட ஏலாது, நாளைக்கு அது வளைந்தால் தான்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். புதுச் சுவர் எப்போது வரும் என்று அம்மா கேட்டார். "எழுதிப் போடுறன் அக்கா. மாரி முடிய வரும்" என்றார் அவர். அவர் கெட்ட மனிதரல்ல. சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு சுவர் இல்லாவிட்டால் மற்றச் சுவர்களும் நிற்காது, கூரையும் ஏறாது. வேலைக்காரர் அடுத்த தீவுக்குப் போய்விடுவார்கள். தம்பி தகரக் கொட்டிலுக்குள், தறப்பாளுக்குக் கீழே, மாரி மழைக்குள் வளரவேண்டியதுதான்.

அவ்வளவு நேரமும் பின்னால் நின்ற அப்பா வெடித்தார்.

"கல்வீடெண்டால் இப்பிடிக் கடலிலை போகுமே?"

"கல்வீடெண்டால் அடியிலை தாண்டு போயிருக்கும், அத்தான்" என்றார் மாமா.

சனம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அம்மா திரும்பவும் சாக்கில் போய் இருந்துகொண்டார்.

பாஸ்தான் உத்தியோகத்தரைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்: "உள்பக்கப் பலகையைக் கழட்டி, நல்ல தண்ணியிலை உப்புப் போகக் கழுவி, வெயிலிலை காயவிடுவம். இவர் மற்றத் தீவு வேலையைப் பாத்திட்டு வரேக்கை ஈரம் பாக்கிற கருவி கொண்டுவருவார். அது சரியெண்டு சொன்னால் பூட்டுவம். இல்லையெண்டால் ஒண்டும் செய்ய ஏலாது."

எல்லாம் சரி, நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் கிணறு உவர். தீவில் பாதிக் கிணறுகள் அப்படித்தான். பக்கத்தில் இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு மாமியின் வளவுக்குள் இருந்தது. அப்பா அக்காவிடம் போய்க் கேட்கமாட்டார். பலகை வீட்டுக்குப் பெயர் கொடுத்ததே பிழை என்று அக்கா அவரை ஏற்கெனவே திட்டியிருந்தார். அம்மாவும் கேட்க ஏலாத நிலைமை. சுவரை உழவு இயந்திரத்தில் ஏற்றி எங்கள் வளவுக்குக் கொண்டுவந்த பிறகும் பெரியவர்கள் இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வேலி ஓட்டைக்குள்ளால் நுழைந்து போனேன்.

மாமி கதிரையில் இருந்தபடி வெற்றிலைக்குப் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, எங்கடை சுவர் குளிக்கவேணுமாம். தண்ணி தாறீங்களோ?"

மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "எது குளிக்கவேணுமாம்?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் சுவரின் மேல் ஏறி வந்ததையும் சொன்னேன்; அதைத்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னேன். மாமி எழும்பி வாளியை எடுத்தார். வேலியைச் சுற்றி நடந்து எங்கள் வளவுக்குள் வந்தபோது, அம்மா ஒரு வாளியோடு குனிந்துகொண்டிருந்தார். மாமி அதைப் பறித்தார்.

"வயித்திலை பிள்ளையோடை வாளி தூக்கிறீரோ? தள்ளும்."

"உங்களுக்கேன் மச்சாள் கரைச்சல்" என்றார் அம்மா.

"கரைச்சல்தான். தள்ளும்."

அதன் பிறகு அந்த வளவில் மாமியின் ஆட்சிதான். அப்பா மாமியின் கிணற்றுத் துலாவில் தண்ணீர் அள்ளினார். மாமாவும் வேலைக்காரரும் வாளி கைமாற்றினார்கள். மாமி சேலையைச் சொருகிக்கொண்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்துத் தேய்த்து, மாட்டைக் குளிப்பாட்டுவது போலச் சுவரைக் குளிப்பாட்டினார். பெட்டி என்று அவர் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை, "இந்த மூலையை ஆர் பாத்தது? இதிலை இன்னும் ஊத்தை கிடக்கு" என்றுதான் சத்தம் போட்டார்.

கழுவி முடித்துக் கல்வேலியில் சாத்திவிட்டோம். அதற்குக் காவல் நான். கொஞ்ச நேரத்தில் ஊர் ஆடுகள் கூட்டமாக வந்து சுவரை நக்கத் தொடங்கின. நான் தடியால் விரட்டினேன். பாஸ் ஓடிவந்து என்னைத் தடுத்தார். "விடுங்கோ, விடுங்கோ. ஆடு எங்கை நக்குதெண்டு பாருங்கோ. அங்கைதான் இன்னும் உப்புக் கிடக்கு." மாமி திரும்பவும் தும்பை எடுத்தார். ஆடுகள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்வரை அவர் விடவில்லை.

பிறகு வந்த நாட்களில் நாங்கள் வானத்தைப் பார்த்தபடியே இருந்தோம். ஒரு பின்னேரம் கிழக்கே கறுத்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் ஓடிவந்து, தறப்பாளை இழுத்து, சுவரைச் சுற்றி மூடினார்கள். அன்றைக்கு அரிசி மூட்டைக்குத் தறப்பாள் கிடைக்கவில்லை. நல்லகாலம், மழை தூறலோடு போய்விட்டது.

உத்தியோகத்தர் வந்த அன்று வளவு நிறையச் சனம். அவர் பையிலிருந்து கையளவான ஒரு கருவியை எடுத்தார். அதன் நுனியில் இரண்டு ஊசிகள். அதைப் பலகையில் குத்தி, கருவியின் முகத்தைப் பார்ப்பார்; பிறகு இன்னொரு இடத்தில் குத்துவார். நான் அந்தக் கருவியை எட்டி எட்டிப் பார்த்தேன். அம்மா சுவரின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமிக்குத்தான் பொறுமை இருக்கவில்லை.

"என்னவாம் தம்பி சொல்லுது?"

"காய்ஞ்சிட்டுதாம்" என்றார் அவர். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு ஏற்கெனவே சிறிய கொங்கிறீற் தூண்கள் நட்டிருந்தார்கள். அதற்கு மேல் மரச் சட்டங்களும் நிலப் பலகைகளும் போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் விடிய வேலைக்காரர் வந்தார்கள். நான் பல் தீட்டிவிட்டு வரும்போது ஒரு சுவர் நின்றது. தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது மூலை ஒன்று உருவாகியிருந்தது. திருகாணிகளை முறுக்கும் சத்தம் கிறீச் கிறீச்சென்று வளவெல்லாம் கேட்டது. மேற்குச் சுவரை அப்பாவும் தூக்கினார். எங்கள் சிவப்புக் குறி இன்னும் அழியாமல் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்திப் பூட்டியபோது மாமா விரலை வாயில் வைத்துச் சீக்காய் அடித்தார். மத்தியானம் தாண்டக் கூரை ஏறியது. காலையில் வெறும் காற்று நின்ற இடத்தில் பின்னேரம் கதவு நின்றது. நான் உள்ளே ஓடினேன், வெளியே வந்தேன், திரும்ப உள்ளே ஓடினேன். அன்றைக்கு எத்தனை தரம் அந்தக் கதவைத் திறந்து பூட்டினேன் என்று சுவருக்குத்தான் தெரியும்.

பார்க்க வந்த சனம் எல்லாம் சுவரில் தட்டிப் பார்த்தது. எல்லோரும் விரலை மடக்கி, காதைக் கிட்டக் கொண்டுபோய்த் தட்டினார்கள். உள்ளேயிருந்து அம்மா ஒவ்வொரு தடவையும் "ஆர்?" என்று கேட்டார். அப்பாவும் ஒருவரும் பார்க்காத நேரம் தட்டிப் பார்த்தார். நான் பார்த்தேன்.

பின்னேரம் மழை பிடித்தது. மாரியின் முதல் மழை. வெளியே சாமான் அடுக்கிக்கொண்டிருந்த வேலைக்காரர் எல்லோரும் உள்ளே ஓடிவந்தார்கள். மாமி தன் வீட்டிலிருந்து தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்தார். புது நிலத்தில் வட்டமாக இருந்து குடித்தோம். கூரையில் மழை அடித்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் மேலே மேலே பார்த்தார்கள். ஒரு துளி கூட விழவில்லை. அப்பா எழும்பிப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "நனையேல்லை" என்றார். அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

மழை கொஞ்சம் குறைந்தபோது அம்மா பாஸைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதைத் திருப்பிக் கழட்ட ஏலுமோ?"

பாஸின் முகம் வாடிவிட்டது. "ஏனக்கா, பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சபடியாத்தான் கேக்கிறன்."

குடிபுகுந்த நாளில் இதென்ன கதை என்று சொல்ல மாமி வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினார். அப்பா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாஸ் அம்மாவை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்தத் திருகாணி முதல், எது பிறகு, எந்தப் பக்கம் முறுக்கினால் இளகும், சுவர் விழாமல் எங்கே முண்டு கொடுக்கவேண்டும் என்று காட்டினார். அம்மா ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, வயிறு இடிக்காமல் சரிந்து, தானே ஒன்றை இளக்கினார். தானே திரும்ப இறுக்கினார். இன்னொன்றையும் செய்து பார்த்தார். அந்த ஸ்பானரை வைத்துவிட்டுப் போக ஏலுமோ என்று கேட்டார். பாஸ் அதைத் தன் சாரத்தில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அதை வாங்கி ஒரு துணியில் சுற்றி, எங்கள் அடையாள அட்டைகளும் பிறப்புப் பத்திரங்களும் இருக்கும் பைக்குள் வைத்தார் அம்மா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டைக் கழற்றலாம் என்றால் கொண்டுபோகலாம். கொண்டுபோகலாம் என்றால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வேலைக்காரர் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு இடங்களைச் சொல்லத் தொடங்கினேன். சாட்டிக் கடற்கரையில் வைத்தால் ஒவ்வொரு நாளும் குளிக்கலாம். மண்டைதீவில் வைத்தால் யாழ்ப்பாணத்துக்கு பஸ் எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலேயே வைத்தால் ஐஸ்கிறீம் கடை பக்கத்திலேயே இருக்கும்.

அம்மாவுக்கு அதற்கு முன் வீடென்று இருந்ததெல்லாம் கல்வீடுகள். சிறு வயதில் தாய் தகப்பனோடு ஒன்று. பிறகு வன்னியில் அப்பாவோடு சேர்ந்து, கல் சுமந்து கட்டியது ஒன்று. முதலாவதை விட்டுவிட்டுத் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மற்றதை விட்டுவிட்டு, நடக்கத் தெரியாத என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

"எப்பம்மா போறம்?" என்று கேட்டேன்.

"ஒரு இடமும் போகேல்லை. இஞ்சைதான் இருப்பம்."

"அப்ப ஏன் கழட்டப் பழகினனீங்கள்?"

அம்மா பத்திரப் பையைத் தலைமாட்டுக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"முந்தி இருந்த வீடுகளுக்கு ஒருத்தரும் பழக்கித் தரேல்லை" என்றார்.

எனக்கு அந்த வீடுகளைக் கட்டிய மேசன்மாரில்தான் கோபம் வந்தது. ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்கிறவர்கள், அதைக் கழற்றுவது எப்படி என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, மழையைக் கேட்டபடி படுத்திருந்தேன்.